வரப்பின் மேல் பாடை: மயானப் பாதைக்காகப் பங்கு மக்கள் செய்யக்கூடிய வேலை (ஒரு நிகழ்வு ஆய்வு)

வரப்பு ஒன்றரை அடி. பாடை இரண்டடி. பக்கத்துக்கு இருவராக நால்வர் தோள் கொடுத்தால் மொத்த அகலம் ஐந்தடிக்குக் குறையாது. அதனால் பாடை வரப்பின் மேல் போகிறது. தூக்குகிறவர்கள் இரு பக்கமும் வயலுக்குள் இறங்கி நடக்கிறார்கள். கார்த்திகையில் சம்பா தூர் கட்டி நிற்கும். சேறு முழங்கால் வரை இருக்கும். ஒருவர் கால் புதைந்தால் பாடை அந்தப் பக்கம் சாயும். பின்னால் வருகிறவர்கள் மிதித்த தடம் வரப்பின் இரு புறமும் இரண்டு மூன்றடிக்குப் பயிரை அழுத்திவிடும். மறுநாள் காலையில் வயல்காரர் வந்து அதைப் பார்க்கிறார். அடுத்த சாவுக்கு வழி மறிக்கிறவர் பெரும்பாலும் அவர்தான்.

கீழ் டெல்டாவில் ஆதிதிராவிடர் தெருக்கள் பலவற்றின் மயானம் இப்படித்தான் வயலுக்கு அப்பால், வடிகால் ஓரத்தில் கிடக்கிறது. அந்தத் தெருக்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கின்றன, சிற்றாலயமும் உண்டு. ஆனால் சமூக நீதி என்றதும் பங்குப் பேரவைகளில் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ மக்கள் ‘பங்கு’, அவர்களின் பிரதிநிதிகள் குழு ‘பேரவை’) பேச்சு மாநாட்டுக்கும் கையெழுத்து இயக்கத்துக்கும் பேரணிக்கும் போய்விடுகிறது. ஊருக்குப் பக்கத்தில் பத்தாண்டாகக் கிடக்கும் முந்நூறு மீட்டர் வழியை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அந்த முந்நூறு மீட்டரை எப்படிப் பெறுவது என்பதே இந்த ஆய்வு.

இங்கே ‘ஊர்’ என்று வருவது ஒரு குறிப்பிட்ட கிராமம் அல்ல. திருவாரூருக்குக் கிழக்கே, நாகப்பட்டினம் வரையிலான பகுதியில் திரும்பத் திரும்பக் காணும் நிலைமைகளை ஒரே இடத்தில் வைத்துக் கட்டிய மாதிரி ஊர். சட்டம், அலுவலகம், கெடு, கட்டணம் ஆகியவை உள்ளபடி தரப்பட்டுள்ளன.

ஊரின் நிலை

தெருவில் 118 வீடுகள். 70 வீடு இந்து, 48 வீடு கிறிஸ்தவம். சில வீடுகளில் இரண்டும் உண்டு. எல்லோருக்கும் மயானம் ஒன்றுதான். தெருமுனையிலிருந்து மயானம் வரை 300 மீட்டர். நடுவே நான்கு பட்டாதாரர்களின் நஞ்சை, ஒரு கிளை வாய்க்கால். பங்கு ஆலயம் நாலு கிலோமீட்டரில், கடைத்தெரு இருக்கும் ஊரில். அங்கே பங்குக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தெரு மக்களின் உடல் அங்கே போவதில்லை. ஏன் போவதில்லை என்ற கேள்வியில்தான் வேலை தொடங்குகிறது.

முதலில் சொந்தக் கல்லறை

வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகுமுன் பங்குப் பேரவை தன் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு வெளியே நீதி கேட்டால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் வாயை அடைத்துவிடும்: “உங்க கல்லறையில முதல்ல சேர்த்துப் புதையுங்க.” அவர்கள் சொல்வது நியாயம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவர் பல ஆண்டுகளாகப் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டு வருவது. சுவர் இல்லாத இடங்களிலும் ‘அந்தப் பக்கம்’, ‘இந்தப் பக்கம்’ என்ற பேச்சு இருக்கிறது. கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. பேரவைக் கூட்டத்தில் அதை வாசிக்கலாம். அதைவிடக் கூர்மையான கருவி திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1180ஆம் எண்: பங்குக்குச் சொந்தக் கல்லறை இருந்தால், வேறிடத்தை இறந்தவரோ பொறுப்புள்ளவர்களோ முறையாகத் தேர்ந்தெடுத்தாலொழிய, பங்கின் விசுவாசிகள் அங்கேதான் அடக்கம் செய்யப்பட வேண்டும். கிளைக் கிராமத்தார் என்பதால் இது மாறாது.

பேரவை தீர்மானம் மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொன்னால்தான் பலிக்கும். ஒன்று, இனி அடக்கம் வரிசை முறையில்: இறந்த தேதிப்படி அடுத்த குழி, யாராக இருந்தாலும். இரண்டு, குடும்பக் கல்லறைக்கு இடம் முன்பதிவு செய்வது நிறுத்தப்படுகிறது. பிரிவினை பிழைத்திருப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். சுவரை இடித்த பிறகும் காசு கொடுத்து வாங்கிய வரிசைகள் அதே சுவராக நிற்கும். மூன்று, தூம்பா வண்டி, அதாவது சவப்பெட்டி கொண்டுபோகும் வண்டி, ஒன்றே, எல்லாத் தெருவுக்கும் அதே வண்டி போகும், அதே வாடகை. ‘இனி பாகுபாடு காட்ட மாட்டோம்’ என்று பொதுவாக எழுதும் தீர்மானத்தை அடுத்த அடக்கத்திலேயே யாராவது மீறுவார்கள், மீறினார் என்று காட்டவும் முடியாது.

இதைச் செய்தபின் தெருவாரில் சிலர் பங்குக் கல்லறையையே விரும்பலாம். பலர் விரும்ப மாட்டார்கள். அப்பா, அம்மா கிடக்கும் இடத்தை விட்டு நாலு கிலோமீட்டர் போவதா என்பார்கள்; இந்து உறவினர்களோடு சேர்ந்து கிடக்கும் மண் அது. அந்தத் தேர்வு அவர்களுடையது. பங்குக் கல்லறை திறந்துவிட்டது என்பதைக் காரணம் காட்டி மயானப் பாதையைக் கைவிடச் சொல்வது பெரிய அநியாயம், அங்கே 70 வீட்டார் மிச்சம் இருக்கிறார்கள்.

அடக்கப் பதிவேடு

நிலத் தகராறில் திருச்சபையிடம் இருக்கும் உண்மையான பலம் குரல் அல்ல, மேடை அல்ல. கோயில் அலமாரியில் இருக்கும் அடக்கப் பதிவேடு. ஊரில் வேறு யாரிடமும் இது இல்லை. எழுத்தறிவில்லாத கூலித் தொழிலாளர் இறந்த நாள், வயது, தந்தை பெயர், அடக்கம் நடந்த நாள், நடந்த இடம் ஆகியவற்றை வரிசை எண்ணோடு ஒரே புத்தகத்தில் தலைமுறைகளாக எழுதி வைத்த நிறுவனம் கீழ் டெல்டா கிராமத்தில் கோயில் மட்டும்தான். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) வேலையைத் தொடங்கியது திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக. 1876–78 பஞ்சத்தில் கைப்பொருளைக் கொட்டி ஏழைகளுக்குச் சோறு போட்டவரும் அவரே. ஏடு காப்பதும் பசி தீர்ப்பதும் வெவ்வேறு வேலை என்று இந்த மண்ணின் கிறிஸ்தவப் பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத விசுவாசிகள்) எண்ணியதில்லை.

பதிவேட்டில் தேட வேண்டியது ‘இடம்’ என்ற கட்டம். பழைய புத்தகங்களில் இலத்தீனிலும் தமிழிலும் மாறி மாறி இருக்கும். தெருப் பெயரோ, ‘சேரிக் கல்லறை’ என்றோ, வாய்க்கால் பெயரோ எழுதியிருக்கும். அந்தச் சொல் இன்று படிக்க வலிக்கும். ஆனால் அதுதான் சான்று: அந்த ஆண்டில் அந்த இடம் மயானமாக இருந்தது, உடல் அங்கே போனது என்றால் போக வழியும் இருந்தது.

இதற்குச் சட்டப் பொருள் உண்டு. 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ஒரு வழியை உரிமையாக, வெளிப்படையாக, தடையின்றி 20 ஆண்டு பயன்படுத்தியிருந்தால் அது வழியுரிமை ஆகும். அரசு நிலமானால் 30 ஆண்டு. பதிவேட்டிலிருந்து கடந்த 40 ஆண்டு அடக்கங்களை ஆண்டுவாரியாக எடுத்து ஒரே தாளில் பட்டியலிட வேண்டும்: வரிசை எண், தேதி, இடம். பெயரை முழுதாக எழுத வேண்டியதில்லை, தலைப்பெழுத்து போதும். பங்குத்தந்தை ஒவ்வொரு பக்கத்திலும் ‘மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்தும் முத்திரையும் இட வேண்டும். மூலப் புத்தகத்தை எந்த அலுவலகத்துக்கும் கொடுக்கக் கூடாது. நகல் மட்டும். நீதிமன்றம் கேட்டால் பங்குத்தந்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

தென்னிந்தியத் திருச்சபை, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சபைகளிலும் இதே பதிவேடு உண்டு. குருவானவர் பொறுப்பில் இருக்கும். 1706இல் மிஷனெரிகள் வந்திறங்கிய தரங்கம்பாடியைச் சுற்றிய சபைகளின் ஏடுகள் மிகப் பழையவை. கரையான், ஈரம் இரண்டும் இவற்றை அரிக்கின்றன. கைப்பேசியிலேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடத்தில் வைப்பது இளையோர் இயக்கத்துக்கு ஒரு வாரச் சனி, ஞாயிறு வேலை. மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.

நிலத்தின் காகிதம்

அடுத்து நிலம். வருவாய்த்துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டு விவரமும் (ஒவ்வொரு புலத்தின் வகை, பரப்பு, உடையவர் காட்டும் கிராமக் கணக்கு) புல வரைபடமும் இலவசமாகக் கிடைக்கும். மயானத்தின் புல எண்ணை முதலில் பிடிக்க வேண்டும். ‘அ’ பதிவேட்டில் அது மயானம் என்றோ சுடுகாடு என்றோ பதிவாகியிருக்கிறதா, வாய்க்கால் புறம்போக்கு என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னது என்றால் கதை வேறு. நீர்நிலைப் புறம்போக்கை வேறு வகைக்கு மாற்றுவது நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின் ஏறத்தாழ முடியாத காரியம். அப்போது பாதைக்கு முன் மாற்று மயான இடமே கேட்க வேண்டிவரும்.

புல வரைபடத்தில் ஒற்றைக் கோடு எல்லை. விட்டுவிட்டு வரும் கோடு பாதை. இடையில் உள்ள நான்கு புலங்களின் வரைபடங்களையும் தாளில் அச்செடுத்து ஓரத்தோடு ஓரம் ஒட்டி, ஏதாவது ஒன்றில் அந்த விட்டுவிட்டு வரும் கோடு இருக்கிறதா என்று தேட வேண்டும். இன்றைய வரைபடத்தில் இல்லையென்றால் அதோடு முடிவு கட்டக் கூடாது. 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், பேச்சு வழக்கில் யு.டி.ஆர்., பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது பழைய நடைபாதைகள் விடுபட்டுப் பக்கத்துப் பட்டாவில் கரைந்த இடங்கள் உண்டு. ஆகவே அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். அதில் பாதை இருந்தால் நிலம் எடுக்கவே தேவையில்லை, பதிவைத் திருத்தினால் போதும். எடுத்த எடுப்பில் நிலமெடுப்புக்கு மனுப் போட்டு, நாலு வருடம் கழித்துப் பழைய ஏட்டில் பாதை இருந்ததைக் கண்டுபிடிப்பது கொடுமை.

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பினால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘ஏன் பாதை போடவில்லை?’ என்று கேட்கக் கூடாது, அதற்குப் பதில் வராது. ‘இந்தப் புல எண்ணுக்கான செட்டில்மெண்ட் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்’, ‘இந்த எண்ணுள்ள மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புப் பக்கங்களின் நகல்’ என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கூடவே 2(ஜே) பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேட்பது நல்லது. நேரில் போய்ப் புரட்டினால் கேட்கத் தெரியாத காகிதமும் கண்ணில் படும்.

எத்தனை அகலம்?

மனுக்களில் ‘பாதை அமைத்துத் தர வேண்டும்’ என்று மட்டும் இருக்கும். அளவு இருக்காது. அல்லது மூன்று மீட்டர் என்றிருக்கும், அதுவும் தவறு. டெல்டாக் களிமண்ணில் வயல் மட்டத்திலேயே பாதை போட்டால் ஐப்பசியில் அது வாய்க்காலாகிவிடும். குறைந்தது 60 சென்டிமீட்டர் மண் உயர்த்த வேண்டும். உயர்த்திய மண் இருபக்கமும் சரிவாகத்தான் நிற்கும். ஒன்றுக்கு ஒன்றரை என்ற சரிவு வைத்தால் பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர் போய்விடும். மேலே 3 மீட்டர் அகலம் வேண்டுமானால் அடியில் 4.8 மீட்டர் தேவை. ஆகவே 5 மீட்டர் கேட்க வேண்டும். 3 மீட்டர் மேல் அகலத்தில் அமரர் ஊர்தி போகும், பாடைக்கும் இரு பக்கமும் ஆள் நடக்க இடம் இருக்கும்.

300 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால் 1,500 சதுர மீட்டர்: 15 ஏர்ஸ், 37 சென்ட், குழிக் கணக்கில் 112 குழி. நூறு குழி ஒரு மா; அதாவது ஒரு மாவுக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை முதல் நாளே நான்கு வயல்காரருக்கும் காட்ட வேண்டும். பேச்சு வார்த்தையில் ‘என் நிலமெல்லாம் போகப் பார்க்குது’ என்ற பயம்தான் பெரிது. 112 குழி என்று கேட்டதும் பாதிப் பயம் குறையும். ஆனால் அது நாலு பேருக்கும் சமமாக விழாது. இரண்டு மா மட்டுமே வைத்திருக்கும் ஒருவர் வயலில் 110 மீட்டர் விழுந்தால் அவருக்கு 41 குழி போகிறது. உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கு. அவரும் ஏழைதான். வழியை வயலின் நடுவே இழுக்காமல் இரு பட்டாவுக்கு இடைப்பட்ட எல்லை வரப்பின் மேல் வைத்து இரு பக்கமும் இரண்டரை மீட்டராகப் பிரித்தால் அவர் இழப்பு பாதியாகும். இதை வரைபடத்தில் போட்டுக்கொண்டு போகிற குழுவுக்கும், வெறுங்கையோடு போகிற குழுவுக்கும் கிடைக்கும் வரவேற்பே வேறு.

நான்கில் ஒன்று இந்துக் கோயில் நிலமாக இருந்தால் முடிந்தவரை அதைத் தவிர்த்து வழியை வளைக்க வேண்டும். அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவுப்படி விற்பனைக்கும் பரிவர்த்தனைக்கும் ஆணையரின் அனுமதி வேண்டும். குத்தகைதாரர் சம்மதம் மட்டும் போதாது. அதோடு, கிறிஸ்தவர்கள் கோயில் நிலம் கேட்கிறார்கள் என்ற பேச்சுக்கும் இடம் கொடுத்ததாகிவிடும்.

மனு யார் பெயரில்?

“சாமி, நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா தாசில்தார் கேட்பாரு.” தெரு மக்கள் இதை அன்போடுதான் சொல்கிறார்கள். பங்குத்தந்தை அப்படிப் போனால் அன்றைக்குக் காரியம் நடக்கும், பாதை வராது. அடுத்த பங்குத்தந்தை மாறிவந்ததும் கோப்பு அனாதையாகிவிடும். கோயில் முகவரித்தாளில் மனு போனால் இன்னும் கேடு: எதிர்த்தரப்பு மதப் பிரச்சினை என்று எழுதிக் கொடுக்கும்; 70 இந்து வீட்டார் பின்வாங்குவார்கள்; பாதைக் கோப்பு சட்டம் ஒழுங்குக் கோப்பாக மாறும்.

மனுதாரர்கள் தெருவாசிகள். இரு மதத்தாரும், பாதிக்கு மேல் பெண்களும். பங்கிலிருந்து வருகிறவர்கள் எழுத, படியெடுக்க, கூடப் போக, தேதியைக் குறித்துவைக்க. ஓய்வுபெற்ற ஆசிரியர், வழக்கறிஞர், நில அளவை தெரிந்தவர், கணினி மையம் வைத்திருக்கும் இளைஞர் எனப் பங்கில் இருக்கும் ஆட்களுக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) ஜெபத்துக்குப் பின் பத்து நிமிடம் கோப்பு எங்கே நிற்கிறது என்று வாசித்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் இருப்பவர்களே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரான ஆதிதிராவிடரைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட, சான்றிதழ் நிலை வேறுபடும். எனவே மதவாரியாகப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கவே கூடாது. கதவு எண், குடும்பத் தலைவர், கையெழுத்து போதும். ஆலயத்தில் மனு வாசித்த படத்தை முகநூலில் போடுவதும் கூடாது. நல்லெண்ணத்தில் செய்யும் இந்த ஒரு காரியம் ஒரு பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையைப் பாதிக்கலாம்.

மனு ஒரு பக்கம். இப்படி இருந்தால் போதும்:

“…கிராமம், புல எண் …இல் உள்ள மயானத்தை எங்கள் தெருவின் 118 குடும்பங்கள் பயன்படுத்தி வருகின்றன. தெருவின் கிழக்கு முனையிலிருந்து மயானம் வரையான 300 மீட்டருக்குப் பாதை இல்லை. புல எண்கள் …, …, …, … வழியே, இணைப்பு வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் காட்டியபடி, 5 மீட்டர் அகலப் பாதையும், கிளை வாய்க்காலின் குறுக்கே சிறுபாலமும் அமைக்க வேண்டும். பழைய பயன்பாட்டுக்கான சான்று இணைப்பு 2. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, 110ஆம் பிரிவின்படி மயானம் அமைப்பதும் பராமரிப்பதும் ஊராட்சியின் கடமை. நிலம் பெறும் நடவடிக்கையைத் தொடங்கி, எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.”

புல எண் இல்லாத மனு மேலிருந்து கீழே உருண்டு கிராம நிர்வாக அலுவலரிடமே வந்து, ‘மனுதாரரிடம் நேரில் விளக்கப்பட்டது’ என்று முடிக்கப்படும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் வரும் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். முடிக்கப்பட்டது என்று வந்தால் அதே எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி மனு. கூடவே குறிப்புப் பக்கங்களுக்குத் தகவல் உரிமை மனு.

ஐப்பசி, சித்திரை

நவம்பர் 1 உள்ளாட்சி தினம், கிராம சபை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நவம்பர் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறு. மூன்றும் பத்துப் பதினைந்து நாளுக்குள் வருகின்றன, அதுவும் வடகிழக்குப் பருவமழை நடுவே. பாதை இல்லாத கொடுமை கண்ணுக்கு நேரே தெரியும் காலம் அது. கிராம சபைக்கு ஒரு வாரம் முன்பே பொருளை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். ஊராட்சி மக்கள் தொகை 501 முதல் 3,000 வரை என்றால் சபைக்கு 100 பேர் வேண்டும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். கோரம் இல்லையென்று தள்ளிவைக்காதபடி ஆள் கூட்டுவதும் பங்கு மக்களின் வேலை. தீர்மானம் அங்கேயே புத்தகத்தில் எழுதப்பட்டு வாசிக்கப்பட்ட பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் வருகைக் கையெழுத்து போட்டுவிட்டு எழுந்து வந்தால், எழுதப்படும் தீர்மானம் எதுவென்று யாருக்கும் தெரியாது. ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கிராம சபை உண்டு, தீர்மானத்துக்கு மதிப்பும் உண்டு.

மறுநாள் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியோடு தெருவார் வரப்பில் நடக்கும்போது கூட நடக்க வேண்டியவர்கள் பங்கு ஆலயத்து மக்கள். ஒருமுறை அந்த வரப்பில் நடந்தவர் அடுத்த பேரவைக் கூட்டத்தில் வேறு மாதிரிப் பேசுவார்.

ஆனால் நில அளவைக்கு அது காலமல்ல. தை அறுவடைக்கு முன்பே வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அது பங்குனியில்தான் எடுபடும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு. கடைமடைக்குத் தண்ணீர் வந்ததும் உழவு தொடங்கும். ஆகவே சித்திரை, வைகாசி இரண்டே மாதம்தான் சர்வேயர் சங்கிலி இழுக்க முடியும், கல் நட முடியும், மண் அடிக்க முடியும். அதே காலத்தில்தான் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை. கிராமக் கணக்குகள் மேசை மேல் இருக்கும் நாள் அது. அந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போயிற்று.

நிலம் கைக்கு வரும் வழிகள்

எளிய வழி தானப் பத்திரம் அல்லது பரிவர்த்தனை: வயல்காரர் ஊராட்சிக்கு எழுதிக் கொடுப்பது. வாய்ச் சம்மதம் எதற்கும் உதவாது. வயல் கைமாறியதும் வேலி வரும். அடுத்தது, ஆதிதிராவிடர் நலத்துறை நேரடிப் பேச்சில் விலை கொடுத்து வாங்குவது. மூன்றாவது, 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரிசன நலத் திட்டங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம். தனி வட்டாட்சியர் விசாரித்து, ஆட்சியர் மாவட்ட அரசிதழில் அறிவிப்பார். 2013 மத்திய நிலமெடுப்புச் சட்டத்துக்குப் பின் இது செல்லுமா என்ற வழக்கில், 2019இல் மாநிலம் கொண்டுவந்த மீட்புச் சட்டத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இந்த மூன்றாவது வழியில் பெரும்பாலான தோல்விக்குக் காரணம் எதிர்ப்பு அல்ல, அவசரம். 1978 சட்டத்தின் 4(2) பிரிவுப்படியான அறிவிப்பு வயல்காரர் கைக்குச் சேராமல், ஆட்சேபணை முறையாகக் கேட்கப்படாமல் போனால் உயர் நீதிமன்றம் முழு நடவடிக்கையையும் ரத்து செய்துவிடும். எனவே வயல்காரருக்கு அறிவிப்பு சரியாகப் போய்ச் சேர்ந்ததா, வாரிசுகள் எல்லோர் பெயரும் அதில் உண்டா என்று கவனிக்க வேண்டியது பாதை கேட்கிறவர்களே. அவருக்கு நியாயமான இழப்பீடு வாங்கித் தருவதும் இதே வேலையில் அடங்கும்.

சாதி வேறுபாடற்ற பொது மயானம் பயன்படுத்தும் முன்மாதிரிச் சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத் தொகை தரும் திட்டத்தை மாநில அரசு அறிவித்திருக்கிறது. ஊர்த் தெருவின் மயானம் சாலையோரத்தில் இருந்தால், தனிப் பாதை கேட்பதற்கு முன் அதையே பொதுவாக்கக் கேட்கும் கேள்வியைக் கிராம சபையில் ஒருமுறையாவது எழுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தனிப் பாதை என்பது தனி மயானத்தை நிரந்தரமாக்குகிறது என்ற விமர்சனம் சரியானதே. ஆனால் அடுத்த கார்த்திகைக்குள் சேற்றில் நடக்கப்போகிறவர்களிடம் அதை ஒரு நிபந்தனையாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சாவு விழுந்த நாள்

2016 ஜனவரியில் மயிலாடுதுறை அருகே வழுவூர் திருநாள்கொண்டச்சேரியில் ஆதிதிராவிட முதியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதை வழியே கொண்டுபோக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு இருந்தும் உடல் அந்த வழியே போகவில்லை. காவல்துறையே எடுத்துப் போய் வேறு வழியில் அடக்கம் செய்தது. உத்தரவு கையில் இருப்பதும் உடல் அந்தப் பாதையில் போவதும் இரண்டு வெவ்வேறு காரியங்கள் என்பதை டெல்டா அன்று பார்த்தது.

அதனால் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை சில. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், காவல் நிலையம் ஆகிய எண்கள் தெருவில் மூன்று வீட்டிலாவது எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சாவு விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் நேரம் குறிப்பிட்டுக் குறுஞ்செய்தி போக வேண்டும்: இன்னார், இந்த வழி, இந்த நேரம், பாதுகாப்பு தேவை.

பேச்சுவார்த்தைக்கு அதிகாரிகள் வருவார்கள். அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ‘இம்முறை மட்டும் இவ்வழியே எடுத்துச் செல்ல இரு தரப்பும் சம்மதம்’ என்று ஒரு தாள் எழுதப்படும். வீட்டில் உடல், வெளியே அழுகை, நேரம் போகிறது, கையெழுத்து போட்டுவிடுவார்கள். அந்தத் தாள்தான் அடுத்த பத்தாண்டுக்கு எதிர்த்தரப்பின் சான்று: உரிமை இல்லை என்று இவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பார்கள். ‘இம்முறை மட்டும்’ என்ற இரண்டு சொல்லை அடித்து, ‘நிரந்தரப் பாதை குறித்த எங்கள் மனு எண் … நிலுவையில் உள்ளது, அந்த உரிமைக்குப் பாதிப்பின்றி’ என்று எழுதிய பிறகே கையெழுத்து. பங்கிலிருந்து ஒருவர் அன்று செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அந்த வரியை மனப்பாடமாக வைத்துக்கொண்டு துக்க வீட்டாரின் பக்கத்தில் நிற்பது.

உடலை வைத்துப் போராடுவதா, கிடைத்த வழியில் அடக்கம் செய்வதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது குடும்பம் மட்டுமே. கட்சியும் கோயிலும் அதில் தலையிடக் கூடாது. மகள் ‘அம்மாவை எடுத்துடுங்க’ என்றால் எடுத்துவிட வேண்டும். வழக்கை நாளைக்கு நடத்தலாம்.

வழி மறித்தால் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினர் என்றால் 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) உட்பிரிவு: மயானத்தையும் பாதையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம், 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் இது. கிறிஸ்தவ ஆதிதிராவிடர் இந்தச் சட்டத்தின் கீழ் புகார் தர இயலாது. அவர்களுக்கு 1955ஆம் ஆண்டு குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. அது தீண்டாமையைப் பேசுகிறது. மயானம், பாதை இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. புகார் எழுதும்போது யாருக்கு எந்தச் சட்டம் என்று கலந்துவிட்டால் முழுப் புகாரும் பலவீனமாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கும் நகல் அனுப்ப வேண்டும்.

பாதை வந்த பிறகு

மண் அடித்துக் கிராவல் போட்டதும் பூசை, ஜெபம், படம், நன்றி எல்லாம் நடக்கும். காகிதம் மட்டும் மிச்சமிருக்கும். நான்கு புல எண்களிலும் உட்பிரிவு செய்து, புதிய உட்பிரிவு ‘அ’ பதிவேட்டில் பாதை என்று ஏறியதா, புல வரைபடத்தில் கோடு விழுந்ததா, வயல்காரர்களின் பட்டாவில் அந்தப் பரப்பு கழிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கழிக்காவிட்டால் நிலத்தை விற்கும்போது பாதையையும் சேர்த்து விற்றுவிடுவார்கள். அந்தத் தொல்லை வாங்கினவருக்கும் வரும், தெருவுக்கும் வரும்.

கிளை வாய்க்காலில் சிறுபாலத்துக்குப் பதிலாகக் குறைந்த விட்டமுள்ள குழாய் பதித்திருந்தால் முதல் வெள்ளத்தில் ஆகாயத்தாமரை அடைத்து, மேலே உள்ள வயல்கள் மூழ்கும். பழி பாதை மேல் விழும். எனவே ஐப்பசியில் முதல் கனமழை பெய்த மறுநாள் தெருவாரும் வயல்காரரும் சேர்ந்து ஒருமுறை நடக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் குச்சி நட்டு, ஆழத்தை அளந்து, தேதியோடு படமெடுத்து, நவம்பர் 1 கிராம சபைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.